முப்புரிக் கயிறு கண்டவர்

எலும்பென்றால் வெறும் சுண்ணாம்பு என்றே எண்ணியிருந்தேன். இங்கு வந்து பயின்றபின்தான் அறிந்தேன், அதற்கு உரம் தருவது கொலாஜன் என்னும் புரதக் கயிறு என்று. அதன் அமைப்பு சென்னையில் கண்டறியப்பட்டது என்றறிந்தபோது உள்ளம் பூரித்தது.

கண்டவர் ஜி. என். ராமச்சந்திரன். 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் பயின்றவர். 1952-இல் சென்னைப் பல்கலைக் கழகப் பேராசிரியரானார். ஈராண்டில், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, எக்ஸ்-கதிர்ப் படங்களைக் கொண்டு, கொலாஜன் மூவிழை முறுக்கிய கயிறு என்று நிறுவினார்.

அவர் மாதிரியில் அணுக்கள் மிக நெருங்கியுள்ளன என்று கிரிக்கும் ரிச்சும் குறை கூறினர். மாதிரி திருத்தம் பெற்றது. மூவிழைக் கருத்தோ நிலைத்தது. அவர் சோர்ந்தாரில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். 1963-இல் அதன் பயனாகப் பிறந்தது, உலகறிந்த ராமச்சந்திரன் வரைபடம். 2001-இல் சென்னையில் மறைந்தார்.

எலும்பை ஆக்கும் உயிரணு, இன்டெக்ரின் என்னும் புரதக் கையால் அக்கயிற்றைப் பற்றியே முதிர்கிறது. மூவிழையும் முறுக்கியிருந்தால்தான் அந்தப் பிடி கிட்டும். இழையில் ஒரு கிளைசின் மாறினாலும் முறுக்குக் கெட்டு, குழந்தையின் எலும்பு எளிதில் முறியக்கூடும்.

நண்பர்களே, குறை கேட்டுக் குன்றாமல் மேலும் ஆராய்ந்த அந்த நெஞ்சுரம் நமக்கும் வேண்டாமா?