நோன்பு திறக்க வந்த உணவும் ஒரு வியாபாரியின் அழுகையும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே! உங்களில் பலர் வியாபாரிகள். எனவே இன்று ஒரு வியாபாரியின் வாழ்க்கையைப் பார்ப்போம். அவர்தான் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். சொர்க்கத்தைக் கொண்டு நற்செய்தி கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். தபூக் பயணத்தில் ஒரு நாள் ஃபஜ்ர் தொழுகைக்கு அவர் இமாமாக நிற்க, நபி (ஸல்) அவர்களே பின்னால் நின்று தொழுத பெரும் பேறும் அவருக்குக் கிடைத்தது.

மக்காவில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு அவர் மதீனா வந்தார். நபியவர்கள் அவரை ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) என்ற அன்ஸாரிக்குச் சகோதரராக ஆக்கினார்கள். ஸஅதோ வசதி படைத்தவர். தம் சொத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார். இவர் அவருக்காக பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி மட்டும் கேட்டார். பனூ கைனுகா சந்தையில் நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்று மீத்தார். சில நாட்களில், ஒரு பேரீச்சங்கொட்டை எடையளவு தங்கத்தை மஹராகக் கொடுத்து மணமுடித்தார். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்குமாறு நபியவர்கள் அவரிடம் கூறினார்கள்.

பிறகு அல்லாஹ் அவருக்கு அள்ளி வழங்கினான். ஒரு நாள் நோன்பு வைத்திருந்த அவருக்கு முன்னால் உணவு கொண்டுவந்து வைக்கப்பட்டது. அதைப் பார்த்ததும் உஹதில் ஷஹீதான முஸ்அப் இப்னு உமைர் (ரலி) நினைவுக்கு வந்தார். தம்மைவிடச் சிறந்த அந்தத் தோழருக்குக் கஃபனாகக் கிடைத்தது ஒரே ஒரு துணி. தலையை மூடினால் கால் தெரியும். காலை மூடினால் தலை தெரியும். நம் நன்மைகளின் கூலி இந்த துன்யாவிலேயே தரப்பட்டுவிட்டதோ என்று அஞ்சி அழுதார். அந்த உணவை அப்படியே விட்டுவிட்டார்.

சகோதரர்களே! பணம் வந்தால் அல்லாஹ் நம்மைப் பொருந்திக்கொண்டான் என்று நாம் நினைக்கிறோம். அவரோ அதே பணத்தைப் பார்த்து பயந்தார். அந்த பயம் அவரைக் கொடுக்க வைத்தது. நபியவர்களின் துணைவியருக்காக அவர் வஸிய்யத் செய்த ஒரு தோட்டம் மட்டும் நான்கு லட்சத்திற்கு விற்கப்பட்டது. ஹிஜ்ரி 32-ல் வஃபாத்தாகி, பகீஉ மண்ணில் அடங்கினார்.

இப்போது உங்கள் கடைக்கு வாருங்கள். ரொக்கம், விற்பனைச் சரக்கு, வர வேண்டிய பாக்கி ஆகியவை நிஸாபை அடைந்து ஒரு ஹிஜ்ரி ஆண்டு நிறைவுற்றால் 40-ல் 1 பங்கு ஜகாத். நான்கு லட்சத்திற்குப் பத்தாயிரம். விவசாயிகளே! மழையில் விளைந்ததில் 10-ல் 1 பங்கு. செலவு செய்து நீர் இறைத்து விளைந்ததில் 20-ல் 1 பங்கு. இறைத்த உழைப்பையும் கணக்கில் எடுத்துப் பாதியைக் குறைத்தவன் நம் ரப்பு!

ரமளானில் கைக்கு வந்ததைச் சில்லறையாகக் கொடுத்துவிட்டு ஜகாத் முடிந்தது என்று எண்ணாதீர்கள். கணக்குப் பார்க்காமல் கொடுப்பது தர்மமாகலாம். கடமை நிறைவேறியதா என்பது எப்படித் தெரியும்? ஜகாத் கொடுப்பவர் ஏழைக்கு உபகாரம் செய்யவில்லை. கொடுத்தவனுக்கு நன்றி செலுத்துகிறார். அவன் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறார். இன்று அஸருக்குப் பிறகு கணக்குப் புத்தகத்தை எடுத்து உட்காருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

ஹலாலாகச் சம்பாதித்து, கணக்கிட்டுக் கொடுத்து, நாளை மறுமையில் கேள்விக்குத் தயாராக நிற்கும் அடியார்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.