தங்கையின் மரணம் எழுப்பிய மருத்துவமனை
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை

சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பல மாநிலங்களில் இருந்து நோயாளிகள் அங்கு வருகிறார்கள். ஏழைகளும் சிகிச்சை பெறுகிறார்கள். அதைத் தோற்றுவித்தவர் ஒரு பெண்மணி. அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

எதிர்ப்பை வென்ற படிப்பு

முத்துலட்சுமி, 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர். தாயார் சந்திரம்மாள்.

பெண்கள் கல்லூரிக்குப் போவது அபூர்வமாக இருந்த காலம் அது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்கள்தான் படித்தார்கள். முத்துலட்சுமியைச் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. மகாராஜா தலையிட்டு இடம் கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

தீராத துயரம்

முத்துலட்சுமிக்கு ஒரு தங்கை உண்டு. அவருக்கு மலக்குடலில் புற்றுநோய் வந்தது. அக்காள் டாக்டர்தான். பக்கத்திலேயே இருந்து கவனித்தார். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. 1923-ல் தங்கை இறந்தார்.

அந்தத் துயரம் முத்துலட்சுமியின் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. புற்றுநோய்க்கு என்றே தனி மருத்துவமனை வேண்டும் என்று உறுதி கொண்டார். 1925-ல் லண்டனுக்குச் சென்று மேற்பயிற்சி பெற்றுத் திரும்பினார்.

1927-ல் சென்னை சட்டசபையில் உறுப்பினர் ஆனார். துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். 1930-ல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதும் பதவியை உதறித் தள்ளினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை நிறுவினார்.

12 படுக்கைகள்

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அங்கே தன் ஆசையை வெளியிட்டார். ஆனால், புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு மருத்துவமனை எதற்கு என்று எண்ணியவர்களே அன்று அதிகம். அம்மையார் சோர்ந்து போகவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார்.

1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந்தேதி, அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை பிறந்தது. அப்போது அம்மையாருக்கு வயது 67. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பை ஏற்றார். மயிலாப்பூரில் பிறந்த டாக்டர் சாந்தா 1955-ல் வந்து சேர்ந்தார். 2021-ல் காலமாகும் வரை அவர் அந்த மருத்துவமனைக்கே உழைத்தார்.

கட்டியின் வேகம்

தங்கை இறந்த காலத்தில், ஒரு புற்று எவ்வளவு வேகமாக வளரும் என்று கணிக்க வழிகள் குறைவு. இன்று நிலைமை வேறு.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஓர் அணு இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும். இது அளவோடு நடக்கும். கட்டுமீறிப் பெருகினால் அதுதான் புற்று.

தசை, கொழுப்பு போன்ற மென்மையான திசுக்களிலும் புற்று வரும். தொடையிலோ கையிலோ கட்டி தோன்றும். பெரும்பாலும் வலி இருக்காது. அதனால் அலட்சியமாக விட்டு விடுவார்கள்.

டாக்டர்கள் அந்தக் கட்டியில் ஒரு துணுக்கை எடுக்கிறார்கள். மெல்லியதாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைக்கிறார்கள். பிரிந்துகொண்டிருக்கும் அணுக்களை 10 இடங்களில் பார்த்து எண்ணுகிறார்கள். மொத்தம் 9 வரை இருந்தால் 1 மார்க்கு. 10 முதல் 19 வரை 2 மார்க்கு. அதற்கு மேல் போனால் 3 மார்க்கு. பள்ளிக்கூட மார்க்கு கூடினால் சந்தோஷம். இந்த மார்க்கு கூடினால் கவலை! அணுக்களின் உருவத்தையும், கட்டிக்குள் செத்துப்போன பகுதியையும் இதோடு சேர்த்துப் பார்த்து, நோயின் தரத்தை முடிவு செய்கிறார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. அதன் பெயர் கே.ஐ.-67. ஜெர்மனியில் உள்ள கீல் நகரத்து விஞ்ஞானிகள் 1983-ல் இதை வெளியிட்டார்கள். பெருகும் அணுக்களில் மட்டும் ஒரு புரதம் இருக்கும். ஓய்ந்திருக்கும் அணுக்களில் இருக்காது. அந்தப் புரதம் உள்ள அணுக்களுக்குச் சாயம் ஏற்றிக் காட்டுவதே இந்தச் சோதனை. சாயம் ஏறிய அணுக்கள் அதிகம் என்றால், நோய் திரும்பவோ நுரையீரலுக்குப் பரவவோ வாய்ப்பு கூடுதல். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. கட்டியின் அளவு, ஆழம், வகை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். யாருக்கு ஆபரேஷன் மட்டும் போதும், யாருக்குக் கதிர் சிகிச்சையும் மருந்தும் வேண்டும் என்று முடிவு செய்ய இவை உதவுகின்றன.

காலத்தோடு போக வேண்டும்

எவ்வளவு சோதனைகள் இருந்தாலும், நோயாளி நேரத்தில் வந்தால்தான் முழுப் பலன். உடம்பில் உள்ள கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆனால் 5 சென்டிமீட்டருக்குப் பெரிதான கட்டியையும், வளர்ந்துகொண்டே போகும் கட்டியையும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முத்துலட்சுமி அம்மையாருக்கு 1956-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ந்தேதி, தமது 81-வது வயதில் அவர் காலமானார். தங்கையைக் காப்பாற்ற முடியாமல் போன அந்த டாக்டர், முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிழைக்கும் வழியை ஏற்படுத்திவிட்டுப் போனார்.