அக்காளைப் படிக்க வைத்துவிட்டு ரெயில் ஏறிய மரியா

நோபல் பரிசை 2 முறை பெற்ற மேதை மேரி கியூரி. உலகம் போற்றும் பெண் விஞ்ஞானி அவர்.

அவர் வெளிநாடு சென்று படித்தவர். ஆனால் அந்தப் படிப்புக்காக அவர் 8 ஆண்டுகள் காத்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

அந்த 8 ஆண்டுகளையும் அவர் வீணாக்கவில்லை!

அடிமை நாடு

மேரி கியூரியின் இளமைப் பெயர் மரியா. 1867-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, போலந்து நாட்டின் வார்சா நகரில் பிறந்தார். 5 குழந்தைகளில் அவரே கடைக்குட்டி.

அப்போது வார்சா, ருஷிய மன்னரின் ஆட்சியில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தாய்மொழிக்கு மதிப்பு இல்லை. ருஷிய மொழியில்தான் பாடம்.

தந்தை, கணக்கும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். வருமானம் குறைவு. மூத்த அக்காள் விஷக் காய்ச்சலில் இறந்தார். மரியாவுக்கு 10 வயது ஆனபோது, தாயாரும் காச நோயால் காலமானார்.

துயரத்துக்கு நடுவிலும் மரியா நன்றாகப் படித்தார். 1883-ல் தங்கப் பதக்கத்துடன் பள்ளிப் படிப்பை முடித்தார்.

அதற்கு மேல் படிக்க வழி இல்லை. வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். பாரிஸ் நகரத்துக்குப் போனால் படிக்கலாம். பணத்துக்கு எங்கே போவது?

அக்காள்-தங்கை ஒப்பந்தம்

மரியாவின் அக்காள் பிரோனியாவுக்கு டாக்டர் ஆக ஆசை. அவரும் பாரிஸ் போகத் துடித்தார். கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருந்தார். வைத்தியப் படிப்புக்கு அது எந்த மூலைக்கு?

மரியா ஒரு வழி சொன்னார்.

முதலில் அக்காள் பாரிஸ் போகட்டும். தங்கை வேலை பார்த்துப் பணம் அனுப்புவார். அக்காள் டாக்டர் ஆனதும், தங்கையை அழைத்துப் படிக்க வைக்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

அக்காள் ரெயில் ஏறினார். 1886 ஜனவரியில் மரியா ஒரு கிராமத்துப் பணக்காரர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டிலேயே தங்கி, குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை. ஆண்டுக்கு 500 ரூபிள் சம்பளம். அப்போது அவருக்கு வயது 18.

விளக்கு வெளிச்சத்தில்

பகல் முழுவதும் வேலை. இரவிலும் விடியற்காலையிலும்தான் படிப்பு. பௌதிகம், கணக்கு, ரசாயனம் எல்லாவற்றையும் தாமே படித்தார். தந்தை கடிதம் மூலம் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். புத்தகம் அலுத்துவிட்டால், மரியா கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்!

அந்தக் கிராமத்துக் குழந்தைகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மரியா அவர்களைக் கூட்டி வைத்துத் தாய்மொழி கற்றுக் கொடுத்தார். ருஷிய அரசாங்கத்துக்குத் தெரிந்தால் கடும் தண்டனை. ஆனாலும் அவர் அஞ்சவில்லை.

அப்போது ஒரு சோதனை வந்தது.

அந்த வீட்டு மூத்த மகனும் மரியாவும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பெற்றோர் மறுத்துவிட்டனர். சம்பளத்துக்கு வந்த ஏழைப் பெண் மருமகள் ஆவதா என்று நினைத்தார்கள்.

மரியாவின் மனம் உடைந்தது. வேறு யாராக இருந்தாலும் அன்றே பெட்டியைக் கட்டியிருப்பார்கள். மரியா போகவில்லை. அவர் வேலையை விட்டால் அக்காளின் படிப்பு நின்றுவிடுமே! வேலைக் காலம் முடியும் வரை அதே வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

1889-ல் மரியாவுக்கு அங்கே வேலை முடிந்தது. பிறகு வார்சா திரும்பினார். அங்கு ஒரு சிறு ஆய்வுக்கூடத்தில் மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சோதனைகள் செய்து பழகினார்.

கையில் மெத்தை, நாற்காலி!

அக்காள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பாரிசுக்கு வரும்படி கடிதம் எழுதினார். தந்தையை விட்டுப் போக மரியா தயங்கினார். கடைசியில் துணிந்துவிட்டார்.

1891 நவம்பரில் புறப்பட்டார். ஜெர்மனி வழியே 4-ம் வகுப்பு ரெயில் பெட்டியில் பயணம். அந்தப் பெட்டியில் உட்கார இருக்கை கிடையாது. அதனால் மடக்கு நாற்காலி, வழிச் சாப்பாடு, மெத்தை, போர்வை எல்லாவற்றையும் ஊரிலிருந்தே கொண்டுபோனார். பாரிசில் எதற்கும் பணம் செலவாகக் கூடாது அல்லவா?

முதலில் அக்காள் வீட்டில் தங்கினார். அங்கு விருந்தினர் கூட்டம் ஓயாது. கல்லூரிக்குக் குதிரை வண்டியில் 1 மணி நேரம் போக வேண்டும். நேரமும் பணமும் போயின. ஆகவே கல்லூரிக்கு அருகில் ஒரு மாடி அறைக்குக் குடிபோனார்.

வந்த பிறகுதான் ஓர் உண்மை தெரிந்தது. அவர் கற்ற பிரெஞ்சு மொழி, பேராசிரியர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. கணக்கிலும் மற்ற மாணவர்களைவிடப் பின்தங்கியிருந்தார். மனம் தளராமல் இரவு பகலாக உழைத்துக் குறையைச் சரிக்கட்டினார்.

மாலையில் நூல்நிலையத்துக்குப் போய்விடுவார். அங்கே விளக்கும் உண்டு, கணப்பும் உண்டு. எண்ணெய்ச் செலவு, கரிச் செலவு மிச்சம்! குளிர்காலத்தில் அறையில் உள்ள தண்ணீர் பனிக்கட்டி ஆகிவிடும். இருக்கிற துணிகளை எல்லாம் மேலே போட்டுக்கொண்டு தூங்குவார்.

பல நாட்கள் ரொட்டியும் தேநீரும்தான் சாப்பாடு. ஒரு நாள் மயங்கி விழுந்துவிட்டார். அக்காள் கணவர் ஓடி வந்து, வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பிட வைத்தார்.

முதல் இடம்

1893-ல் பௌதிகப் பரீட்சை நடந்தது. மரியாவுக்கு முதல் இடம்!

கையில் பணம் தீர்ந்துவிட்டது. நல்ல வேளையாக, வார்சாவிலிருந்து 600 ரூபிள் உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1894-ல் கணக்குப் பரீட்சையில் 2-வது இடம் பெற்றார்.

பிறகு சம்பாதிக்கத் தொடங்கியதும், அந்த 600 ரூபிளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது கடன் அல்ல; யாரும் கேட்கவும் இல்லை. தம்மைப்போல் இன்னொரு ஏழைக்கு உதவட்டும் என்று நினைத்தார்.

1895-ல் விஞ்ஞானி பியேர் கியூரியை மணந்தார். 1898-ல் இருவரும் சேர்ந்து 2 புதிய தனிமங்களைக் கண்டுபிடித்தனர். ஒன்று ரேடியம். மற்றொன்றுக்குத் தாய்நாட்டின் நினைவாகப் பொலோனியம் என்று பெயர் வைத்தார். 1903-லும் 1911-லும் நோபல் பரிசு பெற்றார்.

1932-ல் விடுதலை பெற்ற போலந்தின் வார்சா நகரில் ரேடியம் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. திறப்பு விழாவுக்கு மேரி கியூரி நேரில் வந்திருந்தார். பெண்ணுக்குப் படிக்க இடம் இல்லை என்று சொன்ன அதே ஊர்!

அந்த நிலையத்தின் முதல் தலைவர் யார் தெரியுமா? தங்கை அனுப்பிய பணத்தில் டாக்டருக்குப் படித்த அக்காள் பிரோனியாதான்!

2 ஆண்டு கழித்து, 1934 ஜூலை 4-ந் தேதி மேரி கியூரி காலமானார்.