சுருதி தேடிய கிரஹாம் பெல்

குட்டீஸ்... வங்கிக்கோ, காஸ் ஏஜென்சிக்கோ அப்பா போன் செய்யும்போது கவனித்திருக்கிறீர்களா? தமிழுக்கு எண் 1ஐ அழுத்தும்படி ஒரு பதிவுக் குரல் சொல்லும். அப்பா அழுத்துவார். காதில் சின்னதாய் ஓர் ஒலி கேட்கும். மறுமுனையில் ஆளே கிடையாது. ஆனாலும், அவர் அழுத்தியது 1 தான், 2 இல்லை என்று அங்கே தெரிந்துவிடும். எப்படி? அந்தச் சின்ன ஒலியை வைத்துத்தான்!

ஒரே கம்பியில் வெவ்வேறு ஸ்வரங்களை அனுப்பி, மறுமுனையில் எது எந்த ஸ்வரம் என்று பிரித்து அறிய முடியுமா என 1870களிலேயே மண்டையைக் குடைந்துகொண்ட இளைஞர் ஒருவர் உண்டு. அந்த முயற்சியில் அவர் தோற்றுப் போனார். ஆனால், தோற்ற வழியிலேயே அவருக்கு டெலிபோன் கிடைத்தது! அவர்தான் அலெக்சாண்டர் கிரஹாம் பெல்.

ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில், 1847 மார்ச் 3ல் பிறந்தார் பெல். தாத்தா, அப்பா இருவருமே பேச்சுப் பயிற்சி ஆசிரியர்கள். அம்மா எலிசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனாலும் அருமையாகப் பியானோ வாசிப்பார், மகனுக்கும் கற்றுக்கொடுத்தார். மற்றவர்கள் அவரிடம் பேச, காதில் வைக்கும் குழாயைப் பயன்படுத்துவர். பெல் மட்டும் அம்மாவின் நெற்றிக்கு அருகே வாயை வைத்து, தாழ்ந்த குரலில் மெதுவாகப் பேசுவார். அந்த அதிர்விலேயே அம்மாவுக்குப் புரிந்துவிடும்.

பியானோவில் பெல் ஒரு வேடிக்கையைக் கண்டார். பெடலை மிதித்துக்கொண்டு ஒரு ஸ்வரத்தைப் பாடினால், அதே சுருதியில் உள்ள கம்பி தானாக ரீங்காரமிடும். வேறு சுருதியில் உள்ளவை சும்மா இருக்கும். வீட்டில் தம்புரா இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். இதைத்தான் பாடப் புத்தகத்தில் ஒத்ததிர்வு என்கிறோம்.

காசநோய் பெல்லின் இரண்டு சகோதரர்களையும் அடுத்தடுத்துப் பறித்தது. மிஞ்சியிருந்த ஒரே பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டுமே! பெற்றோர் 1870ல் அவரை அழைத்துக்கொண்டு கனடாவுக்குக் கப்பல் ஏறினர். மறு ஆண்டே பெல், அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போய், காது கேளாத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் ஆனார். பகலில் பாடம், இரவில் ஆராய்ச்சி. தூக்கம் குறைந்து, உடம்பு இளைத்துப் போனது.

என்ன ஆராய்ச்சி? அப்போது தந்திக் கம்பியில் ஒரே நேரத்தில் ஓரிரு செய்திகளைத்தான் அனுப்ப முடியும். கூடுதலாக அனுப்பக் கூடுதல் கம்பி வேண்டும், பணம் கொட்டும். பெல்லுக்குப் பியானோ நினைவுக்கு வந்தது. ஆர்மோனியப் பெட்டிக்குள் இருக்குமே ரீடு, அதுபோல எஃகு ரீடுகளைச் செய்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி. அனுப்பும் முனையில் ஒரு ரீடு அதிர்ந்தால், மறுமுனையில் அதே சுருதி கொண்ட ரீடு மட்டும் அதிர வேண்டும். இப்படி ஒரே கம்பியில் பல தந்திகள் போகலாம்! கேட்க அழகான யோசனை. ஆனால் பாழாய்ப்போன ரீடுகள் அடிக்கடி சுருதி விலகின. திருகுவதும் சரிசெய்வதுமாக நாட்கள் ஓடின. இதே யோசனையில் எலிஷா கிரே என்பவரும் வேகமாக முன்னேறிக் கொண்டிருந்தார்.

பெல்லுக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் ஹப்பர்ட் என்ற வக்கீல். அவருக்குத் தந்திதான் வேண்டும். மனிதக் குரலைக் கம்பியில் அனுப்பும் கனவெல்லாம் வீண் வேலை என்று கருதினார். இதில் இன்னொரு சிக்கல். ஹப்பர்டின் மகள் மேபலைத்தான் பெல் விரும்பினார். சிறுவயதுக் காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்த மேபல், பெல்லிடம் படித்தவர். மாமனாராக வரவேண்டியவரின் பேச்சைக் கேட்பதா, மனசு சொல்வதைக் கேட்பதா? தவித்துப் போனார் பெல்.

1875 ஜூன் 2. பாஸ்டனில் ஒரு பட்டறை. ஓர் அறையில் பெல். இன்னொரு அறையில் உதவியாளர் தாமஸ் வாட்சன். ஒரு ரீடு ஒட்டிக்கொண்டு அதிர மறுத்தது. வாட்சன் அதை விரலால் சுண்டிவிட்டார். அந்தச் சுண்டல் ஒலி கம்பி வழியே அப்படியே பெல்லின் காதில் கேட்டது! திருகு இறுகிப் போயிருந்ததால், மின்சாரம் விட்டு விட்டுப் போகாமல், ஒலியைப் போலவே அலை அலையாகப் போயிருக்கிறது. இப்படி ஓர் ஒலி போகுமானால் மனிதக் குரலும் போகும் என்பது அந்த நொடியே பெல்லுக்குப் புரிந்தது.

1876 பிப்ரவரி 14ல் அவருடைய காப்புரிமை விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. அதே நாளில் கிரேயும் தன் யோசனையைப் பதிவு செய்தார்! யார் முந்தியது என்ற சர்ச்சை பல வருடம் நீடித்தது. மார்ச் 7ல் பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்தது. மூன்றாம் நாள், அவர் கருவியில் கூப்பிட்டதைக் கேட்டு அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார் வாட்சன். அப்போது பெல்லுக்கு வயது 29. அடுத்த ஆண்டு ஜூலையில் டெலிபோன் கம்பெனி தொடங்கியது. சில நாட்களில் மேபலுடன் திருமணம். தன் பங்குகளில் 10 மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை மனைவிக்கே பரிசாகக் கொடுத்தார் பெல்.

ஹெலன் கெல்லருக்கு நல்ல ஆசிரியை கிடைக்க வழிகாட்டியவரும் இவரே. அதேசமயம், காது கேளாதவர்கள் சைகை மொழியை விட்டுவிட வேண்டும் என்று இவர் பிடித்த பிடிவாதத்தைச் சரி என்று சொல்ல முடியாது. அது பலரையும் புண்படுத்தியது.

1922 ஆகஸ்ட் 2ல் கனடாவில் பெல் காலமானார். அடக்கம் நடந்தபோது, அமெரிக்காவிலும் கனடாவிலும் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனமாயின.

அவர் கைவிட்ட ஸ்வர யோசனை என்ன ஆனது? பழைய டெலிபோனில் வட்டமான டயல் இருக்கும். 5ல் விரலை விட்டுச் சுழற்றினால் மின்சாரம் 5 முறை அறுந்து சேரும். 0 என்றால் 10 முறை. எக்ஸ்சேஞ்ச் அதை எண்ணிக்கொள்ளும். ரொம்ப மெதுவான வேலை. பெல் பெயரையே தாங்கிய நிறுவனம், 1963 நவம்பர் 18ல் பட்டன் போனை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. அதில் எண்களுக்குப் பதில் ஸ்வரங்கள் போயின!

பட்டன்களின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கனத்த ஸ்வரம். மேலிருந்து கீழாக 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். மேலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கீச்சு ஸ்வரம். இடமிருந்து வலமாக 1209, 1336, 1477. எண் 5 இரண்டாம் வரிசை, நடுப் பத்தி. அதை அழுத்தினால் 770ம் 1336ம் ஒன்றாக ஒலிக்கும். ஏன் இரண்டு? ஒன்றே ஒன்று என்றால், நாம் பேசும்போதோ விசிலடிக்கும்போதோ அந்த ஒலி தற்செயலாக வந்து எண்ணாகிவிடும். குரலில் ஒரு ஸ்வரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கும் கலந்திருக்கும். அதனால்தான் இந்த எண்களில் எதுவும் இன்னொன்றின் மடங்காக இல்லாதபடி தேர்ந்தெடுத்தார்கள்.

முதலில் கம்பிச் சுருள்கள் இந்த ஒலிகளை உண்டாக்கின. பிறகு நகம் அளவுள்ள ஐ.சி. சிப் வந்தது. அதோடு இணைந்த குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 35,79,545 முறை துடிக்கும். அந்தத் துடிப்புகளைச் சிப் எண்ணி வகுத்து, வேண்டிய இரண்டு ஸ்வரங்களைச் செய்து தரும். பெல்லின் ரீடுபோல இது சுருதி விலகாது. மறுமுனையில் உள்ள சிப்புக்குள் இரண்டு வடிகட்டிகள். ஒன்று கனத்த ஸ்வரத்தை மட்டும் விடும். மற்றது கீச்சு ஸ்வரத்தை மட்டும். பிறகு ஒவ்வோர் அலையும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து, இரண்டும் பட்டியலில் உள்ளவைதானா எனச் சரிபார்க்கும். சுமார் 40 மில்லி விநாடியாவது நீடித்தால்தான் அதை எண் என்று ஒப்புக்கொள்ளும்!

அப்பாவின் செல்போனில் பட்டன் ஒலியை ஆன் செய்துவிட்டு, 1, 2, 3 என்று வரிசையாக அழுத்திக் கேளுங்கள். மூன்றிலும் மாறாமல் ஒலிக்கிறதே ஒரு கனத்த ஸ்வரம், அதுதான் 697.