ஜெரால்ட் புல்: பீரங்கிக் குழாயைத் தொடர்ந்து சென்ற ஒரு வாழ்க்கை

1990ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி, பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸின் உக்ல் பகுதியில், தனது அடுக்குமாடி வீட்டின் வாசலில் 62 வயதான பொறியியலாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வைத்திருந்த பெருந்தொகைப் பணத்தைக் கொலையாளிகள் தொடவில்லை. அவரைக் கொன்றவர்கள் யார் என்பது இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை.

கொல்லப்பட்டவர் ஜெரால்ட் புல். கனடாவில் பிறந்து, டொரன்டோ பல்கலைக்கழகத்தில் உருவான விஞ்ஞானி. துப்பாக்கிக் குழாய்களை மாற்றியமைப்பது உலகின் பல நாடுகளில் பட்டறைக் கலையாக இருந்துவந்துள்ளது. அந்தக் கலையை, விண்வெளியின் விளிம்பைத் தொடும் அளவுக்குக் கொண்டு சென்றவர் இவர். அதே கலை அவரைச் சிறைக்கும், பின்னர் மரணத்துக்கும் இட்டுச் சென்றது.

டொரன்டோவில் தொடக்கம்

ஒன்டாரியோ மாகாணத்தின் நார்த் பே நகரில் 1928ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் தேதி வழக்கறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஜெரால்ட் புல். சிறு வயதிலேயே தாயை இழந்த அவர், உறவினர்களின் பராமரிப்பில் வளர்ந்தார். கிங்ஸ்டன் நகரில் யேசு சபையினரின் பள்ளியில் படித்துவிட்டு, 16 வயதில் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். 1948இல் பட்டம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, பனிப்போர் தொடங்கிய காலம் அது. ஒலியை விஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானங்களையும் ஏவுகணைகளையும் உருவாக்க மேற்கு நாடுகள் முனைந்திருந்தன. கனடாவும் இந்தப் போட்டியில் இடம்பெற விரும்பியது. டொரன்டோவின் வடபகுதியான டௌன்ஸ்வியூவில், பேராசிரியர் கோர்டன் பாட்டர்சனின் தலைமையில் பல்கலைக்கழகத்தின் புதிய ஆய்வு நிறுவனம் உருவானது. அங்கே ஒலியை விஞ்சும் காற்றோட்டத்தை உண்டாக்கும் காற்றுச் சுரங்கத்தை அமைக்கும் பணியில் ஜெரால்ட் புல் ஈடுபட்டார். 1951இல், 23 வயதில் முனைவர் பட்டம் பெற்றார்.

கனேடியப் பாதுகாப்பு ஆராய்ச்சி வாரியம் அவரைக் கியூபெக் நகருக்கு அருகே வால்கார்ட்டியேயில் இருந்த ஆயுத ஆய்வு நிலையத்தில் பணியமர்த்தியது. காற்றுச் சுரங்கம் கட்டுவது பெரும் செலவு பிடிக்கும் வேலை. அதற்கு மாற்றாக அவர் கையாண்ட வழி எளிமையானது: நிற்கும் மாதிரியின் மீது காற்றைச் செலுத்துவதற்குப் பதிலாக, மாதிரியையே பீரங்கியில் வைத்துச் சுட்டு, அது பறக்கும் விதத்தை அளப்பது. விண்வெளிக்குப் போகவும் பீரங்கியே போதுமானதாக இருக்கலாம் என்ற எண்ணம் இத்தகைய சோதனைகளின் வழியாகவே அவரிடம் வலுப்பெற்றது.

பார்படோஸில் நீண்ட குழாய்

1961இல் அரசுப் பணியை விட்டு விலகி, மொன்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கே பிறந்ததுதான் ஹார்ப் எனப்பட்ட உயர் வளிமண்டல ஆய்வுத் திட்டம். அமெரிக்கக் கடற்படையின் 16 அங்குலப் போர்க்கப்பல் பீரங்கி ஒன்று இதற்காகக் கரீபியன் தீவான பார்படோஸுக்குக் கொண்டுவரப்பட்டது.

கைத்துப்பாக்கி முதல் கப்பல் பீரங்கி வரை, பெரும்பாலான சுடுகருவிகளின் குழாய்களில் உட்சுவரை ஒட்டித் திருகு போன்ற பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை குண்டைச் சுழலச் செய்து, நேராகப் பறக்க வைக்கின்றன. ஜெரால்ட் புல் அந்தப் பள்ளங்களைக் கடைந்தெடுத்துக் குழாயின் உட்புறத்தை வழுவழுப்பாக்கினார். சுழற்சிக்குப் பதிலாகச் சிறகுகளின் துணையோடு நிலைபெறும் ஒல்லியான கலங்களை அதிலிருந்து சுட்டார். குழாய் நீளமாக இருந்தால், வெடிமருந்தின் வாயு கலத்தைக் கூடுதல் தொலைவுக்கு உந்தித் தள்ளும், வேகமும் கூடும். ஆகவே இரண்டு குழாய்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. பார்படோஸ் பீரங்கியின் நீளம் சுமார் 36 மீட்டரானது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் யூமா சோதனைத் தளத்தில் இருந்த இதே வகைப் பீரங்கி, 1966ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி ஒரு கலத்தை 180 கிலோமீட்டர் உயரத்துக்குச் செலுத்தியது. விண்வெளியின் எல்லையாகப் பொதுவாகக் கருதப்படுவது 100 கிலோமீட்டர் உயரம். உயர் வளிமண்டலக் காற்றுகளைப் பற்றிய தகவல்களை இத்திட்டம் ராக்கெட்டுகளை விட மிகக் குறைந்த செலவில் திரட்டித் தந்தது. அடுத்த கட்டமாக ஒரு சிறு செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்துவதே அவரது இலக்காக இருந்தது.

ஆனால் 1967இல் கனேடிய அரசு நிதியுதவியை நிறுத்தியது. முன்னதாக 1959இல், டொரன்டோவுக்கு அருகே மால்டனில் உருவாகிவந்த ஏவ்ரோ ஏரோ போர் விமானத் திட்டத்தை அரசு கைவிட்டபோது ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலையிழந்தனர். அவர்களில் பல பொறியியலாளர்கள் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் சென்றார்கள். ஜெரால்ட் புல் தேர்ந்தெடுத்த பாதை வேறு.

ஆய்வுக்கூடத்திலிருந்து ஆயுதச் சந்தைக்கு

கியூபெக் மாகாணத்துக்கும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்கும் இடையிலான எல்லையை ஒட்டி அவர் நிலம் வாங்கியிருந்தார். ஹார்ப் திட்டத்தின் கருவிகளை அங்கே சேர்த்து, ஸ்பேஸ் ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தை நடத்தினார். சொந்த நிலத்தில் சொந்தப் பட்டறை, சொந்தச் சோதனைத் தளம் என்று அது விரிந்தது. விண்வெளி ஆய்வுக்குப் பணம் தர எவரும் இல்லாத நிலையில், பீரங்கி வடிவமைப்பே நிறுவனத்தின் பிழைப்பாயிற்று.

அங்கே உருவானதுதான் ஜிசி-45 எனப்படும் 155 மில்லிமீட்டர் பீரங்கி. நீண்ட குழாயும், காற்றின் தடையைக் குறைக்கும் கூர்மையான எறிகணையும் சேர்ந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவை எட்டின. எறிகணையின் அடிப்பகுதியில் வாயுவை வெளியேற்றும் அமைப்பைச் சேர்த்தபோது அது சுமார் 39 கிலோமீட்டரானது. அக்காலத்தின் பல மேற்கத்தியப் பீரங்கிகளை விட இது மிக அதிகம். 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றின் மூலம் அவருக்குக் குடியுரிமை வழங்கியது.

அங்கோலாப் போரில் சோவியத் பீரங்கிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறிய தென்னாப்பிரிக்கா அவரை நாடியது. நிறவெறி ஆட்சி நடந்த அந்நாட்டுக்கு ஆயுதம் விற்பதற்கு ஐநா பாதுகாப்புச் சபை 1977 நவம்பரில் கட்டாயத் தடை விதித்தது. ஆயினும் பல்லாயிரக்கணக்கான எறிகணை உடல்களும் பீரங்கிக் குழாய்களும் பீரங்கித் தொழில்நுட்பமும் அவரது நிறுவனத்தின் மூலம் அங்கே சென்றன. விவகாரம் அம்பலமானதும் 1980இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர், சில மாதங்கள் பென்சில்வேனியாவில் சிறையில் இருந்தார். அமெரிக்க உளவுத் துறைக்கு இந்த ஏற்பாடு தெரிந்தே நடந்தது என்ற கேள்வி பின்னாளில் அந்நாட்டு நாடாளுமன்றத்திலும் எழுந்தது. ஆனால் தண்டனை பெற்றவர்கள் அவரும் அவரது சகாவுமே. தன்னைக் கைவிட்டது கனடா என்றால், தன்னைப் பயன்படுத்திக்கொண்டு பலியிட்டது அமெரிக்கா என்ற கசப்பு அவரை விட்டு நீங்கவில்லை.

அவரது வடிவமைப்பின் வழிவந்த தென்னாப்பிரிக்காவின் ஜி-5 பீரங்கி உலகச் சந்தையில் பெயர் பெற்றது. இதன் தொடர்ச்சி தமிழ்நாடு வரை நீண்டது என்பது பலர் அறியாத செய்தி. சென்னை ஆவடியில் வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கியின் உடல்மீது, ஜி-5 மரபில் வந்த தென்னாப்பிரிக்கப் பீரங்கிக் கோபுரத்தைப் பொருத்தி, பீம் என்ற பெயரில் இந்தியா சோதித்தது. தென்னாப்பிரிக்க நிறுவனமான டெனெல் மீது எழுந்த தரகுப் பண முறைகேட்டுக் குற்றச்சாட்டை அடுத்து, 2005இல் அந்நிறுவனத்துடனான உறவை இந்திய அரசு முறித்துக்கொண்டதால் பீம் திட்டம் நின்றுபோனது.

இராக்கும் பாபிலோன் திட்டமும்

சிறையிலிருந்து வெளிவந்த ஜெரால்ட் புல், வட அமெரிக்காவை விட்டு பிரஸ்ஸல்ஸில் குடியேறினார். சீனாவுக்கு ஆலோசனை வழங்கினார். அவரது வடிவமைப்பை உரிமம் பெற்றுத் தயாரித்த ஆஸ்திரிய நிறுவனம், இரான்-இராக் போரில் இரு தரப்புக்குமே அந்தப் பீரங்கிகளை விற்றது. ஒரே மேசையில் வரையப்பட்ட கோடுகள், எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் இருந்த இளைஞர்களின் உயிரைக் குடித்தன.

1988இல் சதாம் ஹுசேனின் அரசு அவரது பழைய கனவுக்குப் பணம் தர முன்வந்தது. பாபிலோன் திட்டம் என்ற பெயரில், 1 மீட்டர் உள்விட்டமும் 156 மீட்டர் நீளமும் கொண்ட மாபெரும் பீரங்கி திட்டமிடப்பட்டது. அதற்கு முன்னோடியாக 46 மீட்டர் நீளமுள்ள சிறிய பீரங்கி ஒன்று இராக்கில் அமைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டது. குழாய்த் துண்டுகள் பிரிட்டிஷ் எஃகு ஆலைகளில் தயாரிக்கப்பட்டன; பெட்ரோலிய ஆலைக்கான குழாய்கள் என்றே அவை பதிவு செய்யப்பட்டிருந்தன.

நிலையாக ஓரிடத்தில் நிற்கும் இத்தகைய பீரங்கி, வானிலிருந்து எளிதில் தாக்கி அழிக்கக்கூடியது. ஆகவே அதன் போர்ப் பயன் குறைவே என்று பல வல்லுநர்கள் கருதினார்கள். செயற்கைக்கோள் ஏவுவதே அதன் நோக்கம் என்பது அவரது நிலைப்பாடு. ஆனால் அதே காலத்தில் இராக்கின் பீரங்கிகளையும் நெடுந்தூர ஏவுகணைகளையும் மேம்படுத்தும் பணிகளிலும் அவர் பங்கெடுத்தார். இதுவே இஸ்ரேலைப் பெரிதும் கவலையடையச் செய்திருக்கும் என்றும், கொலைக்குப் பின்னால் அந்நாட்டின் உளவு அமைப்பான மொசாட் இருந்தது என்றும் பரவலாக நம்பப்படுகிறது. இரான், இராக் உள்ளிட்ட வேறு நாடுகள் மீதும் சந்தேகம் எழுப்பப்பட்டது.

அவர் இறந்து மூன்று வாரங்களுக்குள், வட இங்கிலாந்தின் டீஸ்போர்ட் துறைமுகத்தில் எஞ்சிய குழாய்களைப் பிரிட்டிஷ் சுங்கத் துறை கைப்பற்றியது. இராக்கில் இருந்தவை 1991 வளைகுடாப் போருக்குப் பின் ஐநா ஆய்வாளர்களின் மேற்பார்வையில் அழிக்கப்பட்டன.

எஞ்சி நிற்கும் கேள்வி

ஜெரால்ட் புல்லை ஆயுத வணிகர் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. புறக்கணிக்கப்பட்ட மேதை என்று போற்றுபவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. பணத்தை விட, தனது பீரங்கி இயங்குவதைப் பார்க்கவேண்டும் என்ற வேட்கையே அவரை உந்தியதாகத் தெரிகிறது. ஆனால் அந்த வேட்கைக்குக் கட்டணம் செலுத்துபவர் யார், அவர் அந்தக் குழாயை எந்தத் திசையில் திருப்புவார் என்ற கேள்விகளை அவர் வடிவமைப்புக்கு வெளியே வைத்துவிட்டார்.

இந்தக் கேள்வி தமிழர்களுக்கு அந்நியமானது அல்ல. டொரன்டோவில் வாழும் ஈழத் தமிழர்கள் பலருக்கு எறிகணை என்பது புத்தகத்தில் படித்த சொல் அல்ல. இரவில் அது கூவி வரும் ஓசையைக் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் அவர்கள். பொறியியலாளரின் தாளில் வீச்சு என்பது ஓர் எண். அந்த வீச்சுக்குள் வசிப்பவர்களுக்கு அது ஊர், வீடு, பிள்ளைகள். இன்று அதே சமூகத்தின் அடுத்த தலைமுறை, கனடாவின் பல்கலைக்கழகங்களில் விண்வெளிப் பொறியியல் உள்ளிட்ட துறைகளில் படிக்கிறது. தன் கையால் ஆக்கும் பொருள் யார் கைக்குப் போகும் என்று கேட்கவேண்டிய பொறுப்பு அதற்கும் உண்டு.

அரசுகளுக்கும் இதில் பாடம் உண்டு. பொதுப் பணத்தில் ஆபத்தான அறிவை வளர்த்துவிட்டு, நிதியை மட்டும் நிறுத்தினால் அந்த அறிவு மறைந்துவிடுவதில்லை. அடுத்த வாடிக்கையாளரைத் தேடிச் செல்கிறது. சர்வதேச ஆயுத வர்த்தக உடன்படிக்கையில் கனடா 2019இல்தான் இணைந்தது. ஜெரால்ட் புல் இறந்து அப்போது 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

டௌன்ஸ்வியூவில் அவர் பயின்ற நிறுவனம் விண்வெளி ஆய்வில் இன்றும் முன்னணியில் இருக்கிறது. பாபிலோன் பீரங்கியின் குழாய்த் துண்டுகள் பிரிட்டனில் அருங்காட்சியகப் பொருட்களாகிவிட்டன. விண்வெளியை நோக்கி நிமிர்த்தப்பட்ட அந்த முதல் நீண்ட குழாயோ, பார்படோஸின் கடற்காற்றில் துருப்பிடித்துக் கிடக்கிறது.