பெயரை மறைத்து நடத்திய வார ஏடு: டொரண்டோவில் மேரி ஆன் ஷாட்

டொரண்டோ நகரின் கிங் வீதிக் கிழக்குப் பகுதியில் உள்ள செயின்ட் லாரன்ஸ் மண்டபம் இன்றும் நிலைத்து நிற்கும் பழைய கட்டடங்களுள் ஒன்று. 1851 செப்டம்பரில் அங்கு கூடிய கறுப்பின மக்களின் மாநாடு, அமெரிக்காவைத் துறந்து வெளியேறுவோருக்கு உகந்த புகலிடம் எது என்ற கேள்வியை ஆராய்ந்தது. அம்மாநாட்டுக்கு வந்தவர்களுள் 27 வயதான ஓர் ஆசிரியையும் இருந்தார்.

மூன்றாண்டுகளுக்குள் அவர் அதே வீதியில் அலுவலகம் அமைத்து, 'புரொவின்ஷியல் ஃப்ரீமன்' என்ற வார ஏட்டை நடத்தத் தொடங்கினார். வட அமெரிக்காவில் செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியராகப் பணியாற்றிய முதல் கறுப்பினப் பெண்ணாக மேரி ஆன் ஷாட் கேரி இன்று அறியப்படுகிறார். ஆனால் ஏடு தொடங்கியபோது ஆசிரியர் என்ற இடத்தில் அச்சாகியிருந்தது ஓர் ஆணின் பெயர்.

காலணித் தொழிலாளியின் மகள்

மேரி ஆன் ஷாட் 1823 அக்டோபர் 9ஆம் தேதி அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், வில்மிங்டன் நகரில் பிறந்தார். 13 பிள்ளைகளுள் மூத்தவர். தந்தை ஆபிரகாம் ஷாட் காலணி செய்யும் தொழிலாளி. அடிமையாக இல்லாத சுதந்திரக் கறுப்பினத்தவர். தப்பி வந்த அடிமைகளுக்கு அக்குடும்பம் மறைவாக உதவி வந்தது.

டெலவேரில் கறுப்பினக் குழந்தைகளுக்குக் கல்வி வாய்ப்பு இல்லாத நிலையில், குடும்பம் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய பள்ளியில் மேரி ஆன் கற்றார். பதின்ம வயது முடியும் முன்பே ஆசிரியையானார்.

1850இல் அமெரிக்கா நிறைவேற்றிய தப்பியோடிய அடிமைகள் சட்டம் நிலைமையை அடியோடு மாற்றியது. வடமாநிலங்களில் பல ஆண்டுகள் சுதந்திரமாக வாழ்ந்தவர்களையும் பிடித்து அடிமைகளாகத் திருப்பி அனுப்ப அது வழிவகுத்தது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை 1834இலேயே முடிவுக்கு வந்திருந்ததால், பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்த கனடாவை நோக்கிப் பல்லாயிரம் பேர் எல்லை கடந்தனர்.

ஆதரவும் பகையும்

டொரண்டோ மாநாட்டில் ஹென்றி பிப், மேரி பிப் தம்பதியரைச் சந்தித்த ஷாட், அவர்களது தூண்டுதலால் எல்லைப்புறமான வின்சர் பகுதிக்குச் சென்று அகதிகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். எல்லா இனத்தவருக்கும் அதன் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது அவரது நிபந்தனை.

பள்ளிக்கு ஆண்டுக்கு 125 டாலர் அளித்தது அமெரிக்கன் மிஷனரி சங்கம். இச்சங்கத்தின் பின்னணி யாழ்ப்பாண வரலாற்றை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கலாம். 1841இல் 'உதயதாரகை' ஏட்டைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் அமைப்பு, அடிமை முறையை உறுதியாகக் கண்டிக்கத் தயங்குகிறது என்று அதிருப்தியுற்றவர்கள் 1846இல் உருவாக்கிய சங்கம் இது.

1852இல் ஷாட் 44 பக்க நூல் ஒன்றை வெளியிட்டார். கனடாவின் மேற்குப் பகுதியின் தட்பவெப்பம், நிலத்தின் விலை, கூலி, பள்ளிகள், சட்ட உரிமைகள் ஆகியவற்றைக் குடியேற விரும்புவோருக்கு விளக்கிய கையேடு அது.

இதற்கிடையே பிப் தம்பதியருடன் கடுமையான கருத்து மோதல் மூண்டது. அகதிகளுக்கு நிலம் வாங்கித் தருவதற்காக அமெரிக்காவில் நன்கொடை திரட்டிய அமைப்பு ஒன்றுடன் ஹென்றி பிப் தொடர்புடையவர். கனடாவில் நிலம் மலிவாகக் கிடைக்கும்போது யாசகம் எதற்கு என்று ஷாட் கேட்டார். அகதிகள் பட்டினி கிடக்கும் சித்திரத்தைக் காட்டிப் பணம் திரட்டுவோர், உழைத்து வாழும் அந்த மக்களின் மதிப்பையே குலைக்கிறார்கள் என்பது அவரது வாதம்.

எனினும், கையில் ஒன்றுமின்றிக் குளிர்காலத்தில் வந்து சேர்ந்தவர்களுக்கு உடனடி உதவி தேவைப்பட்டது என்பதையும் மறுக்க இயலாது. ஷாட்டின் கடும் சொற்கள் நண்பர்களையும் அந்நியப்படுத்தின. பிப் நடத்திய ஏடு அவரைத் தாக்கியபோது பதிலளிக்க அவருக்கு ஏடு இல்லை. 1853இல் மிஷனரி சங்கத்தின் நிதியும் நின்றது, பள்ளி மூடப்பட்டது.

கிங் வீதியில் ஒரு வார ஏடு

1853 மார்ச் 24ஆம் தேதி 'புரொவின்ஷியல் ஃப்ரீமன்' ஏட்டின் மாதிரி இதழ் வின்சரில் வெளிவந்தது. ஆசிரியராக அறிவிக்கப்பட்டவர் புகழ்பெற்ற சொற்பொழிவாளரான சாமுவேல் ரிங்கோல்ட் வார்ட். அவர் விரைவில் நிதி திரட்ட இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். எழுத்துப் பணியும் சந்தா சேர்க்கும் பொறுப்பும் ஷாட்டின் தோள்களிலேயே விழுந்தன.

1854 மார்ச் முதல் ஏடு டொரண்டோவிலிருந்து வாரந்தோறும் வரலாயிற்று. அடிமை ஒழிப்பு, மதுவிலக்கு, பொது இலக்கியம் ஆகிய மூன்றுக்கும் உரியது என்று அது தன்னை அறிவித்துக்கொண்டது. இலக்கியத்தையும் சேர்த்தது அழகுக்காக அல்ல. எழுதப் படிக்கக் கற்பதே குற்றம் என்று விதித்திருந்த மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அதன் வாசகர்களுள் இருந்தனர். அவர்களுக்கு வாசிப்பே ஓர் உரிமைப் பிரகடனமாக இருந்தது.

நான்கு பக்கங்களில் கவிதை, கதை, சொற்பொழிவுச் செய்திகள், வாசகர் கடிதங்கள், பிற ஏடுகளிலிருந்து எடுத்த பகுதிகள் ஆகியவை இடம்பெற்றன. விளம்பரங்கள் மற்றொரு செய்தியைச் சொல்லின. டொரண்டோவில் மருத்துவம் பயின்ற அலெக்சாண்டர் அகஸ்டா, யங் வீதியில் தாம் நடத்திய மருந்துக் கடையை இவ்வேட்டில் விளம்பரம் செய்தார். பின்னாளில் அவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவ மருத்துவரானார். கறுப்பினத்தவர் தொழில் செய்து வாழ்கிறார்கள் என்பதற்கு அந்த விளம்பரங்களே சான்றாயின.

ஆசிரியர் ஓர் ஆண் என்று நம்பிய வாசகர்கள் கடிதங்களில் அவ்வாறே விளித்தனர். 1854இல் ஷாட் அந்தத் தவற்றை ஏட்டிலேயே திருத்தினார். பெண் ஒருவர் அரசியல் ஏடு நடத்துவதைப் பலர் ஏற்கவில்லை. 1855 ஜூனில் வில்லியம் நியூமன் என்ற போதகரிடம் ஆசிரியர் பொறுப்பை ஒப்படைத்த அவர், தாம் உடைத்த தடையைக் கறுப்பினப் பெண்கள் இனி தாண்டிச் செல்ல வேண்டும் என்று விடைபெறும் குறிப்பில் எழுதினார்.

அதே ஆண்டு பிலடெல்பியாவில் நடந்த கறுப்பினத்தவரின் தேசிய மாநாட்டில், அவரைப் பேராளராக ஏற்பதா என்பதே விவாதமாயிற்று. வாக்கெடுப்புக்குப் பின்னரே அவர் மேடையேற முடிந்தது.

சாட்டம் முதல் வாஷிங்டன் வரை

1855இல் ஏடு கறுப்பினக் குடியேறிகள் திரளாக வாழ்ந்த சாட்டம் நகருக்கு மாறியது. 1856இல் டொரண்டோவைச் சேர்ந்த முடிதிருத்தும் தொழிலதிபர் தாமஸ் கேரியை ஷாட் மணந்தார். அதே ஆண்டில், ஆசிரியர் மூவருள் ஒருவராக அவரது பெயரும் ஏட்டில் அச்சாகியது.

ஆண்டுச் சந்தா ஒன்றரை டாலர்தான். ஆயினும் அதைச் செலுத்தக்கூடியவர்கள் குறைவு. செலுத்தத் தவறியவர்கள் பலர். ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றிச் சந்தா திரட்டிய ஷாட்டால் அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட இயலவில்லை. யாசகத்தைச் சாடிய ஏட்டுக்குத் தானே ஆதரவாளர்களின் கையை எதிர்பார்க்கும் நிலை ஏற்பட்டது. 1850களின் இறுதியில் இதழ்கள் ஒழுங்கின்றி வெளிவந்து, பின்னர் ஏடு நின்றுபோனது. 1860இல் கணவரும் மறைந்தார்.

உள்நாட்டுப் போரின்போது ஷாட் அமெரிக்கா திரும்பி, வடமாநிலப் படைக்குக் கறுப்பின வீரர்களைத் திரட்டினார். பின்னர் வாஷிங்டனில் ஆசிரியையாக இருந்தபடியே ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, அறுபது வயதை நெருங்கிய 1883இல் பட்டம் பெற்றார். 1893 ஜூன் 5ஆம் தேதி காலமானார்.

கனடா அரசு 1994இல் அவரைத் தேசிய வரலாற்றுச் சிறப்புமிக்கவராக அறிவித்தது. 2024இல் அவரது உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியாயிற்று.

எனினும் அவர் விட்டுச் சென்ற முதன்மையான சொத்து எஞ்சியிருக்கும் அந்த இதழ்களே. அகதிகளைப் பற்றி அக்காலத்தில் எழுதியவர்கள் பலர். இரங்கியவர்களும் உண்டு, இகழ்ந்தவர்களும் உண்டு. அகதிகள் தங்களுக்குள் எதைப் படித்தார்கள், எதை விற்றார்கள், எதற்காகச் சண்டையிட்டார்கள் என்பதை இன்று அறிய முடிவது, வாரந்தோறும் அச்சான அந்த நான்கு பக்கங்களால்தான்.