எழுத்தறியாத சீடர் லாட்டு மகராஜ்

பிழைப்புத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்து ஒரு வீட்டில் எடுபிடியாக வேலை பார்த்த பீகார் சிறுவன் ஒருவன், பிற்காலத்தில் ராமகிருஷ்ண பரமஹம்சரின் துறவிச் சீடர்களுள் ஒருவராக விளங்கினார். சுவாமி அற்புதானந்தர் என்பது அவருடைய துறவுப் பெயர். ஆனால் வங்காளத்தில் லாட்டு மகராஜ் என்றால்தான் பலருக்கும் தெரியும். பரமஹம்சரிடம் வந்த இளைஞர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படித்தவர்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். லாட்டுவுக்கோ ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.

பீகாரில் சாப்ரா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் ரக்துராம். ஐந்து வயது நிரம்புமுன் தாயும் தந்தையும் மறைந்தனர். சித்தப்பா எடுத்து வளர்த்தார். ஆடு மாடு மேய்ப்பதே சிறுவனின் பள்ளிக்கூடம். கடன் தொல்லை தாளாமல் சித்தப்பா ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவனும் கூடவே கல்கத்தாவுக்கு வந்தான். அங்கே டாக்டர் ராமச்சந்திர தத்தரின் வீட்டில் வேலை கிடைத்தது.

கடைக்குப் போவது, வீட்டு வேலை செய்வது, எஜமானருக்கு உணவு கொண்டுபோய்க் கொடுப்பது எனப் பையன் சுறுசுறுப்பாக இருந்தான். குஸ்தியிலும் ஆசை உண்டு. ஒரு நாள் எஜமானரின் நண்பர் ஒருவர், கடைக்குக் கொடுத்த காசில் ஏதேனும் எடுத்துக்கொண்டானோ என்ற பாவனையில் கேட்டுவிட்டார். பையன் கொதித்துப் போனான். தான் வேலைக்காரனே தவிரத் திருடன் அல்லன் என்று ஹிந்தியும் வங்காளியும் கலந்த பாஷையில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். நண்பர் எஜமானரிடம் புகார் செய்தார். ராமச்சந்திரரோ பையன் பக்கமே நின்றார். அந்நிய ஊரில் பிழைக்க வந்தவனுக்கு இதைவிடப் பெரிய ஆதரவு என்ன இருக்க முடியும்?

ராமச்சந்திரர் பரமஹம்சரின் பக்தர். வீட்டில் அவர் குருவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வேலைக்காரப் பையனும் காது கொடுத்துக் கேட்பான். 1880ஆம் ஆண்டை ஒட்டி அவனுக்குத் தட்சிணேசுவரம் போகும் பாக்கியம் கிடைத்தது. பரமஹம்சர் அவனைத் தொட்டதும் தன்னை மறந்து அழத் தொடங்கினான். வெகு நேரம் அழுகை நிற்கவில்லை. அதன்பின் எஜமானர் பழமோ இனிப்போ அனுப்பும் நாளெல்லாம் அவனுக்குத் திருநாள்தான். அந்த ஆண்டில் பரமஹம்சர் பல மாதங்கள் சொந்த ஊரான காமார்ப்புகூரில் தங்கியிருந்தார். அவர் இல்லை என்று தெரிந்தும் லாட்டு தட்சிணேசுவரத்துக்கு நடந்து போய், கங்கைக் கரையில் அமர்ந்து கண்ணீர் விட்டுத் திரும்புவானாம்.

1881இல் பரமஹம்சருக்கு அதுவரை பணிவிடை செய்துவந்த உறவினர் ஹிருதயர் கோயிலைவிட்டு வெளியேற நேர்ந்தது. கவனித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பரமஹம்சர் ராமச்சந்திரரிடம் லாட்டுவைக் கேட்டார். அவரும் மனமுவந்து அனுப்பி வைத்தார். துறவிச் சீடர்களாகப் பின்னர் அறியப்பட்டவர்களில் முதலில் வந்து குருவுடன் தங்கியவர், படிப்பில்லாத இந்த வேலைக்காரரே.

குருவுக்கு ஓர் ஆசை எழுந்தது. லாட்டுவுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதுதான். வங்காள எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். முதல் மெய்யெழுத்திலேயே பாடம் தடைப்பட்டது. குரு குறுக்கி ஒலிப்பதைச் சீடர் பீகார் வாடையோடு நீட்டி ஒலித்தார். எத்தனை முறை திருத்தியும் மாறவில்லை. கடைசியில் பரமஹம்சர் சிரித்துக்கொண்டே, இனிப் படிப்பு வேண்டாம் என்று விட்டுவிட்டார். லாட்டுவின் கல்வி அத்தோடு சரி. நரேந்திரரின் பெயர்கூட அவர் வாயில் கடைசிவரை 'லோரேன்' என்றுதான் வந்தது.

படிப்பை விட்டுக்கொடுத்த குரு, சாதனையில் துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. பகலெல்லாம் உழைத்த களைப்பில் லாட்டு ஒரு நாள் அந்தி வேளையில் தூங்கிவிட்டார். தியானம் செய்ய வேண்டிய நேரத்தில் உறக்கமா என்று பரமஹம்சர் கடிந்துகொண்டார். அன்று முதல் லாட்டு இரவுத் தூக்கத்தையே விட்டுவிட்டார். பகலில் சிறிது கண்ணயர்வார். இரவு முழுவதும் ஜபமும் தியானமும். இந்த வழக்கம் ஆயுள் முழுவதும் நீடித்தது.

இன்னொரு நாள் அவர் கங்கைக் கரையில் தியானத்தில் ஆழ்ந்திருந்தார். அன்னை சாரதா தேவியாரோ நகபத் என்ற சிறு கட்டடத்தில் தனியாக மாவு பிசைந்து கொண்டிருந்தார். அதைக் கண்ட பரமஹம்சர் லாட்டுவைத் தட்டி எழுப்பி, நீ தியானிக்கும் தேவி அங்கே மாவு பிசைய ஆளில்லாமல் இருக்கிறாள் என்ற பொருள்படச் சொல்லி அழைத்துச் சென்றார். அன்னையார் மிகுந்த கூச்ச சுபாவம் உடையவர். ஆயினும் லாட்டு வேற்று ஆளாகவே படவில்லை. அன்று முதல் அன்னையாருக்கும் அவரே கைத்துணை.

பரமஹம்சர் தொண்டை நோயால் காசிப்பூர் தோட்ட வீட்டில் படுத்திருந்தபோது இரவு பகல் பாராமல் பணிவிடை செய்தவர்களில் லாட்டுவும் ஒருவர். அங்கே குருவின் கையால் காவித்துணி பெற்ற இளைஞர்கள் வரிசையில் அவரும் இருந்தார். 1886 ஆகஸ்ட் 16 அன்று குரு மறைந்தார். பின்னர் அற்புதானந்தர் என்ற பெயரைச் சூட்டியவர் விவேகானந்தர்.

1897இல் விவேகானந்தர் உலகப் புகழுடன் கல்கத்தா திரும்பினார். ஊரே திரண்டு வரவேற்க, லாட்டு மட்டும் ஒதுங்கி நின்றார். பழைய லோரேன் மாறியிருப்பானோ என்ற சந்தேகம்! விவேகானந்தரே அவரைத் தேடிக் கையைப் பிடித்தபின்தான் சந்தேகம் தீர்ந்தது. மடத்தில் விடியற்காலை மணியடித்ததும் எழுந்து தியானம் செய்ய வேண்டும் என்று விதி வந்தபோது, மணிக்குக் கட்டுப்பட்டு மனம் அடங்காது என்று லாட்டு மூட்டையைக் கட்டிவிட்டார். விதி புதிதாக வந்தவர்களுக்குத்தான் என்று விவேகானந்தர் சமாதானம் செய்து நிறுத்தினார்.

பழைய எஜமானரை அவர் மறக்கவில்லை. 1899இல் ராமச்சந்திர தத்தர் மரணப் படுக்கையில் இருந்தபோது கூடவே இருந்து பணிவிடை செய்தார்.

பின்னாளில் பல ஆண்டுகள் கல்கத்தாவில் பலராம போஸின் வீட்டில் தங்கினார். வக்கீலும் வருவார், வியாபாரியும் வருவார், படித்த பட்டதாரியும் வருவார். சாஸ்திரச் சந்தேகங்களுக்கு, ஏடு தொடாத அவர் கொச்சையான பேச்சில் விளக்கம் சொல்வார். 1912இல் காசிக்குப் போனார். சர்க்கரை நோய் உடலை உருக்கியது. 1920 ஏப்ரல் 24 அன்று அங்கேயே உயிர் பிரிந்தது. துறவிகளின் வழக்கப்படி அவரது உடல் கங்கையில் சேர்க்கப்பட்டது.